மணல் புகாத அறை

கை முழங்கை வரை சுவருக்குள் இருந்தது. விரல்கள் உட்புறத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போயின. ஈர ஜிப்சம் இறுகும்போது தானாகவே சூடாகும். அந்தச் சூடு அடங்குவதற்குள் துளையின் உள்பக்கத்தை வழித்து வழவழப்பாக்கிவிட வேண்டும். ஓரிடத்தில் சிறு முண்டு தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டி எடுத்து, தடவிப் பார்த்து, மறுபடி சுரண்டியது கை. பிறகு வெளியே வந்து, வெள்ளை பூத்த விரல்களை விரித்துக்கொண்டு துளையின் வாய்க்கு எதிரே அசையாமல் நின்றது.

காற்று வந்தது. மெலிதாக, ஆனால் விடாமல்.

"திருப்தியா?" என்று கீழேயிருந்து கேட்டார் கொத்தனார் லஸ்ஹர். "இல்ல, தலையையும் உள்ள விட்டுப் பார்க்கணுமா? சொல்லு, கொஞ்சம் பெரிசா இடிச்சுத் தர்றேன்."

"ஏணியைப் பிடிங்கண்ணே. பேசினா கை ஆடுது."

ஏணியில் நின்றவள் ஹத்தா. பாலைவனத்துச் சூஃப் வட்டாரத்தில் கட்டட வேலை பார்க்கிற எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவள் பொறியாளர் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு, ஒரு சின்ன அலுவலகத்தில் பள்ளிக்கூடக் கழிப்பறைகளும் தபால் நிலையத் திண்டுகளும் வரைந்து வரைந்து நரை கண்டவள். மற்றதையெல்லாம் கயிறும் அளவுகோலுமாகப் பழைய வீடுகளுக்குள் நுழைந்து தானே கற்றாள். எந்தக் குவிமாடம் எவ்வளவு கனம், எந்தச் சுவர் மதியத்து வெயிலை எத்தனை நேரம் தாங்கும் என்று அளப்பாள். அளந்ததை நம்பாமல் மறுநாள் போய் மறுபடி அளப்பாள்.

அப்படி அளந்ததில் பிறந்ததுதான் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர் குடியிருப்பு. முதுகலை படிப்பவர்களும் ஆய்வு மாணவர்களும் அதுவரை கான்கிரீட் பெட்டிகளில் வெந்துகொண்டிருந்தார்கள். கோடையில் குளிர்சாதனம் ஓடினால் உதவித்தொகை முழுக்க மின்சாரத்துக்கே போகும். ஓடாவிட்டால் படிக்கவே முடியாது. ஹத்தா வரைந்த அறைகளில் இரும்பே கிடையாது. மணலுக்கடியில் பூவிதழ்போல விளைகிற எங்கள் ஊர்க் கல், எங்கள் ஊர் ஜிப்சம், தலைக்கு மேல் குவிமாடம், அவ்வளவுதான். கட்டுவதற்கும் மலிவு, இருப்பதற்கும் மலிவு. ஆகஸ்டு மதியத்தில் மாணவர்கள் எந்த இயந்திரமும் இல்லாமல் தூங்கினார்கள். தலைநகர் அல்ஜீர்ஸிலிருந்து ஆட்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

குளிர்காலம் வேறு. பாலைவனத்துக் குளிர் எலும்பில் இறங்கும். அறைக்கு அறை மண் அடுப்பில் கரி மூட்டி, சின்னக் கெண்டியில் தேநீர் காய்ச்சி, கண்ணாடிக் குவளைகளில் மூன்று சுற்று ஊற்றிக் குடிப்பார்கள். அதை விடச் சொல்வது ஆகாத காரியம் என்று ஹத்தாவுக்குத் தெரியும். அதனால்தான் கரியின் நச்சுப்புகை தேங்காமலிருக்க ஒவ்வோர் அறையிலும் தலை உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துளை வைத்திருந்தாள். அதன் கீழே விடுதி நிர்வாகி நாஸர்தீன் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்: அடைக்காதீர்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு காலைவேளை நாஸர்தீன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஓர் அறை உட்புறம் தாழிட்டிருந்தது. தட்டினால் பதிலில்லை. கதவுச் சட்டத்தைச் சேதமில்லாமல் எங்கே நெம்பலாம் என்பது வரைந்தவளுக்குத்தான் தெரியும். அவளே நெம்பினாள்.

திஜானி என்ற ஆய்வு மாணவன் சுவரோரத் திண்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கன்னங்கள் ஓடி விளையாடிவிட்டு வந்தவனுடையவை போலச் சிவந்திருந்தன. தூங்குகிறான் என்றே ஹத்தா நினைத்தாள். "தம்பி" என்று கூப்பிடவும் செய்தாள். அடுப்பில் கரி சாம்பலாகியிருந்தது. காற்றுத் துளை இருந்த இடத்தில், அறிவிப்புக்கு நேர் மேலே, ஒரு துணி முண்டு துருத்திக்கொண்டிருந்தது.

துக்குர்த்திலிருந்து அவன் அப்பா வந்தார். பேரீச்சந்தோப்பு வைத்திருப்பவர். சாமான்களைக் கட்டி முடித்த பிறகு துளைக்கு எதிரே போய் நின்றார்.

"இது அவனோட தலைப்பாகைத் துணிதானே?"

"ஆமாங்க" என்றாள் ஹத்தா.

அவர் மெதுவாக உருவினார். துணி நீளமாக வந்துகொண்டே இருந்தது. அதன் மடிப்புகளிலிருந்து மணல் தரையில் கொட்டியது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"நல்லாத்தான் அடைச்சிருக்கான்" என்றார். குரலில் கோபமில்லை, ஒரு வேலையைச் சரிபார்க்கிறவரின் குரல். "ஒரு பொட்டு மணல் உள்ள வந்திருக்காது."

துணியை உதறி நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

குளிருக்காக மாணவனே துளையை அடைத்துக்கொண்டான் என்று விசாரணை முடிந்தது. ஹத்தாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவளுடைய வலது கைக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தச் சுவரில் எந்தத் துளையைக் கண்டாலும் உள்ளே போய்ப் பார்க்கும். காப்பிக் கடையில், மருத்துவமனையில், துக்கத்துக்குப் போன வீட்டில். அவள் தங்கியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணி ஸக்கியாவுக்கு இதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் பொழுது போகாது.

"சம்பந்தம் பேசப் போன இடத்துல, அவங்க வீட்டுச் சுவத்துல கையை விட்டுத் துழாவினவ இவ ஒருத்திதான். புதையல் தேடறான்னு நெனச்சு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஓடிட்டாங்க."

"ஓடட்டும் அண்ணி. அங்க துளைக்குள்ள புறா கூடு கட்டியிருந்துச்சு."

இப்படிப் பேச்சு போகும். ஆனால் வரைபலகையின் முன் உட்காரும்போது சிரிப்பு உதவவில்லை. அவள் வரைகிற ஒவ்வோர் அறையிலும் திஜானி முன்னமே படுத்திருந்தான். திண்டைக் கிழக்குச் சுவரோரம் போட்டால் கிழக்கே இருந்தான். அழித்துவிட்டு மேற்கே போட்டால் மேற்கே ஒருக்களித்திருந்தான். தபால் நிலையம் வரைந்தபோது முத்திரை குத்துகிற மேசைக்கடியில் இருந்தான். அவள் அவனைத் துரத்த முயலவில்லை. அவன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பாள். எப்போதும் சுவரைப் பார்த்தே இருந்தது.

மணமான ஆய்வு மாணவர்களுக்காக இரண்டாவது குடியிருப்பு கட்ட வேண்டும் என்று நாஸர்தீன் வந்து கேட்டபோது முடியாது என்றாள்.

"நீ வரையலேன்னா அல்ஜீர்ஸ்லேர்ந்து வரைஞ்சு அனுப்புவாங்க" என்றார் அவர். "கான்கிரீட். ஜன்னலுக்கு ரப்பர் பட்டை. துளையே இருக்காது. நம்ம ஊர் ஆளுங்க அதுக்குள்ளயும் கரியை மூட்டுவாங்க. எனக்குக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்குது ஹத்தா. குளிர்காலம் வந்தா நான் காலையில எத்தனை கதவு தட்டறேன்னு உனக்குத் தெரியாது."

அவருக்கும் தூக்கம் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒப்புக்கொண்டாள்.

இந்த முறை துளையைக் கைக்கு எட்டாத உயரத்தில், குவிமாடம் தொடங்குகிற இடத்தில் வைத்தாள். எட்டாததை எவன் அடைப்பான்? ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். ஒவ்வொன்றின் உட்புறத்தையும் தானே தடவி முடித்தாள். ஏணியிலிருந்து இறங்கி லஸ்ஹரிடம் சொன்னாள்:

"அண்ணே, முதல் அறை காஞ்சதும் நான் கதவைச் சாத்திட்டு உள்ள உட்காரப் போறேன். கரி மூட்டி, டீ போட்டு. நீங்க வெளியே இருந்து அப்பப்ப தட்டணும்."

லஸ்ஹர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பைத்தியம் முத்திப்போச்சு."

"ஒரு ஆள் இருந்து பார்க்காம இன்னொரு ஆளைக் குடிவைக்க மாட்டேன்."

"அப்ப எனக்கும் ஒரு குவளை வெளியே அனுப்பு. சும்மா தட்டிட்டு இருக்க முடியாது."

அவள் காத்திருந்தது காற்று அடிக்கிற ஒரு நாளுக்காக. குளிர்காலம் முடிகிற நேரத்தில் அது வந்தது. மதியத்திலேயே வானம் பழுப்பாகி வெளிச்சம் அடங்கியது. ஹத்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அறையில் அடுப்பு, கெண்டி, குவளைகள், பாய், தச்சர்கள் விட்டுப்போன ஒரு மரப்பெட்டி, தரை பெருக்கும் துடைப்பம். கரி பிடித்துக்கொண்டது. முதல் சுற்றைக் கசக்கக் கசக்கக் குடித்தாள்.

லஸ்ஹர் தட்டினார். "இருக்கியா?"

"இருக்கேன்."

"எனக்கு?"

கதவை ஒரு சாண் திறந்து குவளையை நீட்டினாள். காற்று மணலை வாரி அடித்தது. சட்டென்று சாத்தினாள். இரண்டாவது சுற்றை ஊற்றி நுரை பார்த்தபோது நுரையின் மேல் மணல் மிதந்தது. மேலேயிருந்து, துளை வழியாக, மாவு சலிப்பதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. குவளையை உள்ளங்கையால் மூடினாள். கெண்டியைத் தன் கறுப்புப் போர்வையின் நுனியால் மூடினாள். தேநீரில் மணல் விழுந்தால் அதைக் குடிக்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. கொட்டிவிட்டு, குவளையைத் துடைத்து, மறுபடி ஊற்றினாள். மறுபடி விழுந்தது. "சனியன்" என்று வைதாள். அதுவரை அவளுக்கு நினைவிருந்தது.

வெளியே ஏதோ தார்ப்பாய் கிழிகிற சத்தம். லஸ்ஹர் யாரையோ கூப்பிட்டுக் கத்திக்கொண்டே ஓடினார்.

பிறகு அறை அமைதியாயிற்று. இதமாக இருந்தது. காற்றின் ஊளை எங்கோ தள்ளிப் போய்விட்டது. மூன்றாவது சுற்று தேன்போல இருந்தது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். என் கையால் கட்டியதில் இதுதான் நல்ல அறை என்று பெருமையாக நினைத்தாள். இந்த ஊரில் இப்படி ஒரு மணல் புகாத அறை யாருக்கு வாய்க்கும்? கண் சொக்கியது. ஒருக்களித்துப் படுத்தால் தேவலை என்றிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

ஜிப்சம் பூச்சில் லஸ்ஹரின் விரல் ரேகைகள் தெரிந்தன. பழைய குடியிருப்பில் திஜானியும் இதே தூரத்திலிருந்து இப்படிப்பட்ட ரேகைகளைப் பார்த்திருப்பான் என்று தோன்றியது. அவனும் இதைத்தான் நினைத்திருப்பான், நல்ல அறை என்று. அப்போதுதான் மண்டைக்குள் வலி விண்ணென்று இடித்தது. மணல் ஏன் நின்றது?

தலையைத் திருப்பினாள். மரப்பெட்டி துளைக்குக் கீழே நகர்ந்திருந்தது. அதன் மேல் துடைப்பம் சாய்ந்து கிடந்தது. மேலே, இரண்டு துளைகளிலும், அவளுடைய கறுப்புப் போர்வை இரண்டாகக் கிழிபட்டு இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது. நேர்த்தியான வேலை. ஓரத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

பெட்டியை நகர்த்தியது அவளுக்கு நினைவில்லை. போர்வையைக் கிழித்தது நினைவில்லை.

எழுந்திருக்கக் கால்கள் கேட்கவில்லை. தவழ்ந்தாள். தாழ்ப்பாள் அவள் வைத்த உயரத்திலேயே இருந்தது. இன்றைக்கு அது வெகு உயரம். நகத்தால் கதவைச் சுரண்டினாள். தார்ப்பாயைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்த லஸ்ஹர் தட்டினார், பதில் வரவில்லை, சுரண்டல்தான் கேட்டது. கடப்பாரையால் சட்டத்தைப் பெயர்த்து அவளை மணலுக்குள் இழுத்துப் போட்டார்.

அவள் வாந்தியெடுத்தாள். பிறகு வாயெல்லாம் மணலாக, "அந்தப் பையன் அடைச்சது குளிருக்காக இல்லண்ணே" என்றாள். "டீக்காக. மணலுக்காக. அவங்கப்பா அன்னிக்கே சொன்னாரு, எனக்குத்தான் காது கேக்கல."

"பேசாம மூச்சு விடு" என்றார் லஸ்ஹர். "உங்கண்ணிக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்? டீ குடிக்க உள்ள விட்டேன், பொணமாத் தர்றேன்னா?"

தலைவலி தீர நாளாயிற்று. தீர்ந்ததும் நாஸர்தீனிடம் போய், கட்டி முடித்த அறைகளை இடித்துத் திருத்த வேண்டும் என்றாள்.

நாஸர்தீன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "பசங்க சாமானோட வந்து நிக்கப்போறாங்க. துளைக்குக் கம்பி வலை போட்டுடலாம். அறிவிப்பை இன்னும் பெரிசா..."

"அவன் துணி அந்த அறிவிப்புக்கு மேலதான் தொங்குச்சு."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு அறிவிப்பு வேணுமா? அந்தத் துளையை வரைஞ்சவளே நான். எட்டாத உயரம்னு வெச்சவ நான். என் கையே அதை அடைச்சுது, எங்கிட்டக் கேக்காம. நாஸர்தீன் அண்ணே, ஜனங்க தெரியாம அடைக்கறதில்ல. மணல் வந்தா இந்த ஊர்க் கை தானா எழுந்து அடைக்கும். வலை போட்டா வலை மேல துணி போடும். மனுஷனுக்குத் தொல்லை குடுக்கற துளையை மனுஷன் விட்டுவைக்க மாட்டான்."

"அப்ப துளையே வேணாமா?"

"வேணும். அடைக்கணும்னு மனசு வராத துளை வேணும்."

நாஸர்தீன் மேசையிலிருந்த நாட்காட்டியைப் புரட்டினார். "வசந்த விடுமுறை முடிஞ்சு வரச் சொல்றேன் பசங்களை" என்றார் கடைசியில். "அதுக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது."

அவள் வரைபலகையின் முன் உட்கார்ந்தாள். வழக்கம்போல அவன் இருந்தான். காற்றுக் குழாயை மண்ணுக்கடியில் கொண்டுவரலாமா என்று பார்த்தாள். சூஃபில் நிலத்தடி நீர் மேலேறிக் கிடக்கிறது, தோப்புகளே முங்கிவிட்டன, குழாயிலும் தண்ணீர் நிற்கும். அழித்தாள். பிறகு திண்டையே காற்று வரும் வழியாக்கினாள். திண்டின் உட்புறம் வெற்றுக் கூடு. முற்றத்தைச் சுற்றி ஓடும் மூடிய நடையிலிருந்து காற்று அதற்குள் நுழையும். அகலமான கூட்டில் வேகம் குறைந்து, கொண்டுவந்த மணலைக் கீழே போட்டுவிடும். நடைப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து அதை வாரிக்கொள்ளலாம். அங்கிருந்து காற்று அடுப்பின் முதுகைத் தொட்டுச் சூடேறி, அடுப்படியில் தரையோரம், சுவரின் நீளத்துக்கு ஓடும் ஒரு மெல்லிய கீற்றுத் திறப்பு வழியாக அறைக்குள் வரும். அடுப்பை அறையின் நடுவில் வைக்க வேண்டாம். அதற்குச் சுவரில் ஒரு மாடம், மாடத்துக்குத் தலைக்கு மேல் புகைபோக்கி, அதன் வாய் குவிமாடத்துக்கு வெளியே நாலு பக்கமும் காற்றுக்கு முதுகு காட்டியபடி.

கீற்றை வரைந்து முடித்துப் பென்சிலை வைத்தபோது திஜானி எழுந்து உட்கார்ந்திருந்தான். அடுப்பை நோக்கிக் கால்களை நீட்டியிருந்தான். அவள் அந்தத் தாளை அழிக்கவில்லை.

பழைய துளைகளைப் பூசி மூடுவதையும் திண்டுகளை இடிப்பதையும் லஸ்ஹர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். கட்டுவதை முணுமுணுக்காமல் செய்தார். திண்டின் கூட்டுக்குள் குறுக்கே சிறு வளைவுகள் வைக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, மணல் அந்த வளைவுகளின் காலடியில்தான் தேங்கும், ஆகவே கதவை அங்கே வை என்று அவர் சொன்னார். அவள் வரைபடத்தைத் திருத்தினாள். மறுபடி உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். இந்த முறை கதவுக்கு வெளியே லஸ்ஹரோடு நாஸர்தீனும் நின்றார். அண்ணி ஸக்கியாவும் வந்து நின்றாள், திட்டிக்கொண்டே. நாஸர்தீன் எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்த நச்சுப்புகை காட்டும் கருவி உள்ளே அவளருகில் இருந்தது. அது கடைசிவரை கத்தவில்லை. ஸக்கியாதான் கத்திக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்து முதலில் வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. ரூமைஸா அத்ராரைச் சேர்ந்தவள், தாவர நோய்களில் ஆய்வு. கணவன் சிராஜ் கணிதம். அவர்களிடம் புத்தகப் பெட்டிகள் நிறைய இருந்தன, பாத்திரம் குறைவு. ஆனால் தேநீர்க் கெண்டி மட்டும் தனியாகத் துணி சுற்றி வந்திருந்தது.

"அத்ராருக்காரங்க வீடு மாறினா மொதல்ல கெண்டிதான் எறங்கும்" என்றார் லஸ்ஹர். "புருஷன் அப்புறமா."

"புருஷனைத் தூக்கிட்டு வர வேணாமில்ல, அவரே நடந்து வருவாரு" என்றாள் ரூமைஸா.

அன்றைக்கும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாஸர்தீன் சாவியைக் கொடுத்துவிடு என்று கண்ணைக் காட்டினார். ஹத்தா கொடுக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. கதவைச் சாத்திட்டு ஒரு டீ போடுங்க. நானும் இருக்கேன்."

மாடத்தில் கரி பிடித்தது. சிராஜ் பெட்டிகளைத் தள்ளி இடம் பண்ணினான். ரூமைஸா கெண்டியை உயரத் தூக்கி ஊற்றினாள், நுரை பொங்கியது. ஹத்தா நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் எதுவும் விழவில்லை. புகை மாடத்தின் தொண்டைக்குள் நேராக ஏறியது. முதல் சுற்று முடிந்தது. அவளுடைய வலது கை மடியில் கிடந்தது, ஈரமாக வியர்த்து.

இரண்டாவது சுற்றில் ரூமைஸா செருப்பை உதறிவிட்டுக் கால்களை அடுப்படிக்கு நீட்டினாள். ஒரு நிமிடம் பொறுத்து, குனிந்து தரையைப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து காத்து வருதே. சூடா."

"ஆமா."

"சிராஜ், பாயை இந்தப் பக்கம் போடாத. அடைச்சுக்கும். கொஞ்சம் தள்ளிப் போடு, கால் வெச்சுக்க நல்லாருக்கு."

அவன் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டான். ஹத்தா அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள். யாரும் எச்சரிக்காமல், யாரும் அறிவிப்பு ஒட்டாமல், ஒரு கை தானாக விட்டுவைத்த இடம்.

மூன்றாவது சுற்றையும் இருந்து குடித்தாள். நெற்றிப்பொட்டில் வலி வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு போகவில்லை, இனி எந்த அறையிலும் போகாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ரூமைஸா. "ஒருவேளை இந்தக் கீத்தை அடைச்சிட்டா என்ன ஆகும்?"

எழுந்த ஹத்தா மறுபடி உட்கார்ந்தாள். பிறகு அந்தச் சின்னக் கதவை, மணல் வாருகிற இடத்தை, புகைபோக்கியை எல்லாம் கை காட்டி, ஒவ்வொன்றும் எதற்கென்று சொன்னாள். பழைய குடியிருப்பில் ஒரு பையன் செத்துப்போனதையும் அவன் பெயரையும் சொன்னாள். சிராஜ் குவளையைக் கீழே வைத்துவிட்டான்.

"இதை அடைச்சா மொதல்ல கால் குளிரும்" என்றாள் ஹத்தா. "குளிர்ந்தா நீங்களே எடுத்துடுவீங்க."

ரூமைஸா கையை நீட்டினாள். ஹத்தா சாவியை அந்த உள்ளங்கையில் வைத்தாள்.